பீஸ் கட்டியாச்சு, டிக்கெட் போட்டாச்சு... ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது? வெளிநாடு செல்லும் மாணவர்களின் பெற்றோரே உஷார்!

பட்டுக்கோட்டை,

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு காலேஜ் பீஸ், விசா, விமான டிக்கெட், ஸ்வெட்டர் வரை கணக்கு பார்க்கும் பெற்றோர், ஒரே ஒரு செலவை மட்டும் ஏஜெண்டு கையில் விட்டு விடுகிறார்கள். அதுதான் மருத்துவ இன்சூரன்ஸ்.

"அதெல்லாம் பேக்கேஜ்லயே வந்துரும் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்து விடுகிறது. விசாவுக்கு காட்ட ஒரு காகிதம் கிடைத்தால் போதும் என்று எடுக்கும் பாலிசி, ஆஸ்பத்திரி வாசலில் கைகொடுக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணி பகுதிக்கு வெளிநாடு ஒன்றும் புதிது அல்ல. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று பல காலமாக ஆட்கள் போய் வரும் ஊர்கள்தான். ஆனால் வேலைக்கு போவது வேறு, படிக்கப் போவது வேறு. சிங்கப்பூர், சவுதி போன்ற நாடுகளில் வெளிநாட்டு தொழிலாளிக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. மாணவனுக்கு முதலாளி கிடையாது. பில் வந்தால் நேராக வீட்டுக்குத்தான் வரும்.

கார்டு கடல் தாண்டாது

வீட்டில்தான் கார்டு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான். லண்டனிலோ மெல்போர்னிலோ அந்த கார்டு செல்லாது.

மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா, குடியேற்ற அனுமதி பெற்று வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்கு போகும் தொழிலாளர்களுக்கானது. மாணவர்களுக்கு கிடையாது.

இன்னொரு குழப்பம் பேங்கில். கல்விக் கடன் கொடுக்கும்போது "இன்சூரன்ஸ்" என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது பெரும்பாலும் ஆயுள் காப்பீடு. மாணவனுக்கு உயிர் போனால் கடன் அடைபடும். அப்பென்டிக்ஸ் ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

7½ லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பல பேங்குகளில் சொத்து அடமானம் கேட்பார்கள். இந்த பகுதியில் சொத்து என்றால் தென்னந்தோப்பு, வயல். 2018 நவம்பரில் கஜா புயலில் தோப்பை பறிகொடுத்து, மறுபடி கன்று வைத்து ஆளாக்கிய குடும்பங்கள் இங்கே ஏராளம். ஏற்கனவே அடமானத்தில் இருக்கும் தோப்பின் மேல், டாலரில் ஒரு ஆஸ்பத்திரி பில்லும் ஏறினால் என்ன ஆகும்?

நாட்டுக்கு நாடு வேறு சட்டம்

இங்கிலாந்து: விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவ கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு 1 வருஷம்தானே என்று நினைக்கக்கூடாது. படிப்பு முடிந்த பிறகும் சில மாதம் சேர்த்துத்தான் விசா தருவார்கள். அந்த கூடுதல் மாதங்களுக்கும் பாதி கட்டணம் சேர்ந்து 1,164 பவுண்டு ஆகிவிடும். நம் பணத்தில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். இதை கட்டிவிட்டால் அரசு மருத்துவ சேவை கிடைக்கும். ஆனால் போய் இறங்கியதும் அருகில் உள்ள டாக்டரிடம் பெயர் பதிய வேண்டும். பல் வைத்தியம், கண்ணாடிக்கு தனி செலவு. இங்கிலாந்து பகுதியில் மாத்திரைக்கும் தனியாக காசு.

ஜெர்மனி: 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் அரசு முறை இன்சூரன்சில் சேரலாம். மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. "தனியார் பாலிசி பாதி விலைதான்" என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. இங்கேதான் பொறி. அரசு முறை வேண்டாம் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த படிப்பு முடியும் வரை திரும்ப முடியாது. 30 வயதை தாண்டியவர்கள் மாணவர் கட்டணத்தில் சேர முடியாது என்பதால் இன்னும் கவனம் தேவை.

ஆஸ்திரேலியா: விசா காலம் முழுவதற்கும் மாணவர் மருத்துவ காப்பீடு கட்டாயம். ஆனால் ஏற்கனவே இருக்கும் உடல் நோய்களுக்கு 12 மாதம் வரை காத்திருப்பு காலம் உண்டு.

அமெரிக்கா: சாதாரண மாணவர் விசாவுக்கு மத்திய அரசு இன்சூரன்ஸ் கேட்பதில்லை. கேட்பது பல்கலைக்கழகம். அவர்கள் பாலிசி விலை அதிகம் என்று இங்கிருந்து மலிவாக ஒன்று எடுத்துப் போனால், "இது எங்கள் விதிக்கு பொருந்தாது" என்று திருப்பி விடலாம். அப்போது இரண்டு பாலிசிக்கும் காசு போகும். பாலிசி இருந்தாலும் ஒவ்வொரு பில்லிலும் முதலில் ஒரு தொகையை மாணவன் கையில் இருந்து கட்டும்படி நிபந்தனை இருக்கும்.

கனடா: மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசு திட்டத்தில் சேர சுமார் 3 மாதம் காத்திருக்க வேண்டும். மனிடோபாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு கொடுத்து வந்த இலவச காப்பீடு 2018-ல் நிறுத்தப்பட்டது. அண்ணன் போன மாகாணத்தின் கதையை வைத்து தம்பிக்கு முடிவு எடுக்க முடியாது.

6 வருஷ படிப்பு, 1 வருஷ பாலிசி

எம்.பி.பி.எஸ். படிக்க ரஷ்யா, ஜார்ஜியா பக்கம் போகிறவர்களுக்கு சிக்கல் வேறு. இந்திய விதிப்படி குறைந்தது 54 மாத படிப்பு, அதற்கு மேல் 12 மாத பயிற்சி. ஆனால் பலர் எடுப்பது 1 வருஷ பாலிசி. இரண்டாம் வருஷம் புதுப்பிக்க மறந்தால் அதோடு பாதுகாப்பு போச்சு. போர் பாதிப்புக்கு பொதுவாக பாலிசியில் பணம் கிடையாது என்பதையும் 2022 உக்ரைன் போருக்குப் பிறகு எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்

பையனுக்கு வீசிங் இருக்கிறது, பொண்ணுக்கு சிறுவயது சர்க்கரை இருக்கிறது என்றால் விண்ணப்பத்தில் எழுதவே பயப்படுகிறார்கள். மறைத்தால் நாளைக்கு அதே காரணத்தை காட்டி கிளைம் நிராகரிக்கப்படும். எழுதிக் கொடுத்து, எது வரும், எது வராது என்று இங்கேயே தெரிந்துகொள்வதுதான் லாபம்.

பேசக் கூச்சப்படும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 5 ஆண்டுகளில் 633 இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் இறந்ததாக 2024 ஜூலையில் மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. கனடாவில் மட்டும் 172 பேர். உடலை ஊருக்கு கொண்டுவரும் செலவு என்ன என்பது வளைகுடா குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். ஜெர்மனி, இங்கிலாந்து அரசு காப்பீட்டில் அந்த செலவு சேராது. இங்கே எடுக்கும் மாணவர் பயண பாலிசிகள் பலவற்றில் சேரும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தால் பெற்றோர் ஒருவர் போய்வர டிக்கெட் தரும் பாலிசிகளும் உண்டு. நிர்க்கதியான இந்தியர்களுக்கு உதவ 2009-ல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. ஆனால் அது வசதியில்லாதவர்களுக்கான கடைசி கதவு. அதை நம்பி விமானம் ஏற முடியாது.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

டிக்கெட் போடும் முன் ஏஜெண்டிடம் அல்ல, காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கே மெயில் அனுப்பி கேட்க வேண்டும். எந்த பாலிசியை ஏற்பீர்கள்? எந்த தேதியில் இருந்து பாதுகாப்பு? ஏற்கனவே உள்ள நோய்க்கு உண்டா? ஒவ்வொரு பில்லிலும் நாங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு?

பதில் வந்த பிறகு அந்த செலவை கல்விக் கடனில் சேர்க்க முடியுமா என்று பேங்கில் கேட்கலாம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு கல்வி உதவித்தொகை கிடைக்கும் மாணவர்களுக்கு மருத்துவ காப்பீட்டு பிரீமியமும் அதிலேயே உண்டு.

பாலிசி நகல் ஒன்று பிள்ளையின் செல்போனில் இருக்க வேண்டும். இன்னொன்று வீட்டு பீரோவில். ராத்திரி 2 மணிக்கு வெளிநாட்டில் இருந்து போன் வரும்போது, ஏஜெண்டு போனை எடுப்பார் என்று சொல்ல முடியாது.