கொத்மலை லயன்களில் இருதய நோயாளர்: கைத்தொலைபேசி கைகொடுக்குமா?

மாரடைப்பு வந்தவரை வைத்தியசாலை காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அடுத்த மாரடைப்பைத் தடுக்கும் வேலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை வைத்தியர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. புகைத்தலைக் கைவிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், குருதியமுக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

கொத்மலைத் தோட்டத் தொழிலாளிக்கு இந்த இரண்டாம் கட்டமே கடினமானது. கிளினிக்குக்காக நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போனால் அன்றைய 'பேர்' இல்லை. கையில் கிடைக்கும் நோய் நிர்ணய அட்டையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. நெஞ்சுவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவரை நாம் எப்படிக் குறை சொல்வது?

இந்த இடைவெளியைத் தொலைபேசியால் குறைக்கலாம் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் சான்று உண்டு. 2014இல் வெளியான ஆய்வொன்றில் 120 இருதய நோயாளர் பங்கேற்றனர். வழமையான புனர்வாழ்வுத் திட்டத்தை முடித்தவர்கள் 47 சதவீதம். திறன்பேசிச் செயலி வழியாக வீட்டிலிருந்தே முடித்தவர்கள் 80 சதவீதம். 2015இல் வெளியான சிட்னி ஆய்வுக்குச் செயலிகூடத் தேவைப்படவில்லை. 710 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு வாரம் நான்கு குறுஞ்செய்திகள் வீதம் ஆறு மாதங்கள் அனுப்பப்பட்டன. அவர்களிடம் கொழுப்பும் குருதியமுக்கமும் குறைந்தன, புகைப்பவர்களும் குறைந்தனர்.

மலையகத்துக்குப் பொருந்தும் பாடம் இந்த இரண்டாவது ஆய்வில்தான் இருக்கிறது. பல லயன் வீடுகளில் திறன்பேசி கொழும்பில் வேலைபார்க்கும் பிள்ளையின் கையில் இருக்கும். வயதான பெற்றோரிடம் இருப்பது சாதாரண தொலைபேசி. வாசிக்கத் தெரியாதவருக்குக் குறுஞ்செய்தியும் பயனில்லை. ஆகவே ஆங்கிலச் செயலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால், ஏற்கெனவே வசதியுள்ளவர்களுக்கே அது உதவும்.

தேவை எளிமையானது. தமிழில் குரல் அழைப்பு, கிளினிக் நாள் நினைவூட்டல், நெஞ்சுவலி வந்தால் 1990ஐ அழைக்கும்படி அறிவுறுத்தல், சந்தேகம் கேட்கத் தமிழ் பேசும் தாதி ஒருவர். 2025 நவம்பரில் டித்வா புயல் வீதிகளையும் தொடர்புகளையும் துண்டித்தபோது கண்டதுபோல, தொலைபேசியை மட்டும் நம்பவும் முடியாது; தோட்ட மருந்தகத்தில் மாத்திரை கையிருப்பும் வேண்டும்.

1987 முதல் தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. வன்னியிலும் கொத்மலையிலும் நோயாளிக்குத் தன் மருந்தைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. சுகாதார அமைச்சு அங்கிருந்து தொடங்கட்டும். செயலி பின்னர் வரலாம்.