மடங்கிய காதும் 'சாது' என்ற சான்றிதழும்

வெளிநாட்டுப் பூனைகளை விற்பவர்கள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முகத்தையும் அதோடு ஒரு குணத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். பெர்சியன் என்றால் சோம்பேறி மகாராஜா. சயாமீஸ் ஓயாத வாய். பெங்கால் துறுதுறு. ராக்டால், தூக்கினால் துணி பொம்மை. ஸ்காட்டிஷ் ஃபோல்டு பரம சாது. கல்யாணத் தரகர் ஜாதகத்தை நீட்டும்போதே "பொண்ணு வாய் திறந்து பேசாது" என்று சேர்த்துச் சொல்வாரே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். தரகர் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. இங்கே ஏமாறுவது வாங்குபவர் மட்டும் இல்லை.

முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. சயாமீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து சயாம் என்று அழைக்கப்பட்ட காலத்துப் பூனை. உடம்பு வெளிர் க்ரீம் நிறம்; முகம், காது, பாதம், வால் மட்டும் அடுப்புக்கரி தடவியது போல இருக்கும். நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி இதன் உடலில் சூட்டில் சரியாக வேலை செய்யாது என்பதுதான் காரணம். ஆகவே கதகதப்பான நடு உடம்பு வெளுத்தும், குளிர்ந்த ஓரங்கள் கறுத்தும் போகின்றன. தாயின் வயிற்றில் எல்லாமே சூடுதான் என்பதால் குட்டிகள் ஏறக்குறைய வெள்ளையாகவே பிறக்கும். (பத்தாம் வகுப்பு உயிரியலில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் காமர்ஸ் பக்கம் ஓடாமல் இருந்திருப்பார்கள்!) இதன் குரலைப் பற்றி விற்பவர்கள் சொல்வதும் உண்மைதான். சயாமீஸ் கத்தும், பதில் வரும் வரை கத்தும்.

ஹெல்சின்கி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் 5,726 பூனைகளின் நடத்தையைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இனத்துக்கு இனம் குணம் மாறுகிறது என்றுதான் அதுவும் சொல்கிறது. ரஷ்யன் ப்ளூ கூச்ச சுபாவி. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் மனிதர்களைத் தேடி வருவது குறைவு. ஆராய்ந்து பார்த்த மூன்று இனங்களில், நடத்தை வேறுபாடுகளில் ஏறத்தாழ பாதி பரம்பரையால் வருவது. மீதிப் பாதி? வளர்ப்பு, வீடு, குட்டியாக இருந்தபோது யார் கையில் இருந்தது என்பதெல்லாம். அந்த மீதிப் பாதிக்கு எந்தக் கடையிலும் சான்றிதழ் தர முடியாது.

குணத்தை விற்பனைச் சரக்காக்கும் கலையில் முன்னோடி என்றால் ராக்டால் இனத்தை உருவாக்கிய ஆன் பேக்கர்தான். கலிபோர்னியாக்காரர். 1960-களில் ஜோசஃபின் என்ற வெள்ளைப் பூனையின் குட்டிகளிலிருந்து இந்த இனத்தைத் தொடங்கினார். ஜோசஃபின் கார் விபத்தில் அடிபட்டது, அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் எல்லாம் கையில் எடுத்தால் தொய்ந்துவிடுகின்றன, அவற்றுக்கு வலியே தெரியாது என்று கதை பரப்பினார். தாய்க்குப் பட்ட அடி குட்டிக்குக் குணமாக வராது. அப்பாவுக்குக் கால் உடைந்தால் பிள்ளை நொண்டியாகவா பிறக்கிறது? ஆனால் வியாபாரம் நடந்தது. 'ராக்டால்' என்ற பெயரையே 1975-ல் வர்த்தகமுத்திரையாகப் பதிவு செய்து, வளர்ப்பவர்களிடம் ராயல்டி கேட்டார். பூனைக்கு ஃப்ராஞ்சைஸ்! இன்றைய ராக்டால் சாந்தமான பூனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் வலிக்கும்.

பெங்கால் வேறு ரகம். வீட்டுப்பூனையையும் காட்டில் திரியும் சிறுத்தைப்பூனையையும் கலந்து அமெரிக்காவில் ஜீன் மில் வளர்த்தெடுத்த இனம். அந்தக் காட்டுப்பூனையின் அறிவியல் பெயரில் உள்ள 'பெங்காலென்சிஸ்' என்ற சொல்தான் இதன் பெயராயிற்று. அதே சிறுத்தைப்பூனை நமது மேற்குத்தொடர்ச்சி மலையிலும் உண்டு. தோலில் பொட்டு வேண்டும், ஆனால் சோபாவைக் கிழிக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவ்வளவுதான் அதைப் பற்றி.

அழகு என்று சொல்லப்படுவதே நோயாக இருக்கும் இடத்துக்கு வந்தால்தான் விஷயம் கனக்கிறது. பெர்சியனின் தட்டையான முகத்தைப் பாருங்கள். மூக்கு உள்ளே போகப் போக மூச்சு திணறுகிறது, கண்ணீர்க் குழாய் வளைந்து எந்நேரமும் கண் வழிகிறது. அது மெத்தையை விட்டு நகராமல் கிடப்பதை எல்லாம் ராஜ கம்பீரம் என்று எழுதிவிட முடியுமா? இதில் சென்னை வெயிலில் அந்த அடர்ந்த முடி வேறு.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு இதைவிட மோசம். 1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் காது முன்பக்கம் மடிந்த ஒரு வெள்ளைப் பூனை கண்ணில் பட்டது. பெயர் சூசி. இன்றைய ஃபோல்டு எல்லாம் அதன் வம்சம். வட்ட முகம், மடிந்த காது, ஆந்தைக் கண். பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் காது ஏன் மடிகிறது? குருத்தெலும்பு சரியாக உருவாகவில்லை என்பதால். குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கணுக்கால், பாதம், வால் என்று மூட்டுக்கு மூட்டு இருக்கிறது. இதற்குக் காரணமான டிஆர்பிவி4 மரபணு மாற்றத்தை 2016-ல் கண்டுபிடித்தார்கள். காது மடிந்த இரண்டைச் சேர்த்தால் குட்டிகளில் சிலவற்றுக்கு மூட்டுகள் சின்ன வயதிலேயே இறுகிப் போகும். ஒரு பக்கம் மட்டும் மடிந்தது என்றாலும், காது மடிந்த குட்டிகளுக்கு மூட்டுக் கோளாறு வரத்தான் செய்கிறது, சிலவற்றில் கொஞ்சம், சிலவற்றில் அதிகம்.

மூட்டு வலிக்கும் பூனை தாவாது, ஓடாது, அலமாரி மேல் ஏறாது. வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் 'சாது' என்று எழுதி விற்கிறார்கள். எல்லா ஃபோல்டும் வலியால்தான் அமைதியாக இருக்கிறது என்பதல்ல. எது சுபாவம், எது வலி என்று வாங்குபவரால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. பூனை வலியை வெளியே காட்டாத பிராணி வேறு.

"ஆரோக்கியமான ஜோடியைச் சேர்த்துக் கவனமாக வளர்க்கிறோம்" என்பது வளர்ப்பவர்களின் வாதம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் மடிந்த காது வேண்டும் என்றால் அந்த மரபணு வேண்டும். அது இருந்தால் கோளாறும் கூடவே வரும். பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 1970-களின் தொடக்கத்திலேயே ஃபோல்டைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. இனம் அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. டெய்லர் ஸ்விஃப்ட் வீட்டில் இரண்டு இருந்ததில் மவுசு இன்னும் கூடிற்று. நெதர்லாந்து 2014-ல் இந்த இனத்தைப் பெருக்குவதைத் தடை செய்தது. 2026 ஜனவரி 1 முதல் புதிதாக வைத்திருப்பதற்கும் தடை. அதற்கு முன்பே சிப் பொருத்திய பூனைகள் மட்டும் ஆயுசு வரை இருக்கலாம்.

ஃபோல்டு குட்டிகள் எல்லாமே நிமிர்ந்த காதோடுதான் பிறக்கின்றன. மூன்று வாரம் ஆகும்போதுதான் சிலவற்றுக்குக் காது மடியத் தொடங்கும். மடியாத குட்டிக்கு அதே முகம், அதே கண், மூட்டும் நன்றாக இருக்கும். விலைதான் குறைவு.