டிஃபரென்ஷியல் கவரும் ஒரு நாள் ஆட்டோ காசும்

போன வீடியோல செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குற கணக்கைப் பேசினோம். அதில் விட்டுப்போன ஒரு செலவு, டிஃபரென்ஷியல் ஆயில் மாத்துறது. பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி பின்சக்கரத்துக்குப் பவர் போற வண்டி வச்சிருந்தா இது உங்களுக்கு. ஸ்விஃப்ட்காரங்க டீ குடிச்சிட்டு வாங்க.

சி.ஏ.வுக்கும் கேஸ்கெட் பேஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. பணம் கட்டிக் கத்துக்கிட்டேன், அதான் சம்பந்தம்.

என் பழைய ஜீப்புக்கு மெக்கானிக் பின்பக்கக் கவரைக் கழற்றி, ஆயிலை வடிச்சு, பேஸ்ட் தடவி மூடினார். மறுநாள் காலையில வெளியூர்ல ஆடிட். "அண்ணே, சாயங்காலம் வண்டி வேணும்"னு நான்தான் நச்சரிச்சேன். அவரும் அப்பவே ஆயில் ஊத்திக் கொடுத்துட்டார். ரெண்டு மாசத்துல பின்னாடி ஊளையிடுற சத்தம். கவரோட கீழ் விளிம்புல கசிஞ்சு கசிஞ்சு ஆயில் வத்தி, பேரிங்கும் கிரவுன் பினியனும் போச்சு. பில் என் ரெண்டு மாச இ.எம்.ஐ.யைத் தாண்டியது. தப்பு அவர் மேல பாதின்னா, என் அவசரம் மேல மீதி.

சிலிக்கான் பேஸ்ட் காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். முழுசா இறுக பல ட்யூப்கள்ல 24 மணி நேரம்னு போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி, ரெண்டு முகத்துலயும் இருக்கிற பழைய பேஸ்ட்டைக் கீறல் விழாம சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைக்கணும். பிறகு விட்டுப்போகாத ஒரே கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா வளைஞ்சு போகணும். நிறைய அப்பினா நல்லதுன்னு நினைப்பாங்க. பிதுங்கினது உள்ளே உடைஞ்சு ஆயில்ல மிதக்கும். போல்ட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி முறுக்கணும். ஹவுசிங் மேல இருக்கிற பிரீதர் அடைச்சிருந்தா உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல பேஸ்ட்டும் கசியும். முக்கியமா, வடிக்கிறதுக்கு முன்னாடியே ஆயில் ஊத்துற பிளக் கழலுதான்னு பார்க்கச் சொல்லுங்க. வடிச்ச பிறகு அது கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்கும்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. வழக்கமான மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் வராது. தொழில் பண்றவர் வண்டி ரிப்பேரைத் தொழில் செலவா காட்டலாம். சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில 75,000 ரூபாய் நிலைக்கழிவு, அவ்வளவுதான். ரிப்பேர் காசு முழுக்க வரி கட்டின பணத்துலருந்துதான் போகும்.

அதனால ஆயில் மாத்துறதை சனிக்கிழமை வச்சுக்கோங்க. கவரை மூடின பிறகு வண்டியை அங்கேயே விட்டுட்டு ஆட்டோல வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை ஆயில் ஊத்தினா போதும். ஒரு வாரம் ஓட்டிட்டு, வண்டிக்குக் கீழே ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு வைங்க. காலையில அதுல சொட்டு இருந்தா, அன்னிக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.