ஈர நெல்லும் அவசர விற்பனையும்: வன்னி நெற்சந்தைச் சீர்திருத்தம் தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலாளர்கள்; செயலாளர், வட மாகாண விவசாய அமைச்சு; தலைவர், நெல் சந்தைப்படுத்தல் சபை

அனுப்புநர்: மூன்று மாவட்டங்களினதும் கமக்காரர் அமைப்புகள்

விடயம்: அடுத்த காலபோகத்துக்கு முன் உலர்தளம், களஞ்சியம், நேர்மையான நிறுவை ஆகியவற்றை உறுதிப்படுத்தல்



வன்னியில் நெல்லை வாங்க ஆளில்லை என்று நாம் முறையிட வரவில்லை. அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறுமுன்பே லொறி வந்து வரம்போரம் நிற்கிறது. ஆனால் அந்த லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த மாதம் விற்கலாம் என்று பொறுத்திருக்க எமது கமக்காரரால் முடிவதில்லை. உரக்கடைக் கடனும், இயந்திரக் கூலியும், அடகில் இருக்கும் நகையும் ஒரே வாரத்தில் கழுத்தை நெரிக்கின்றன. இரணைமடுக் குளத்தின் கீழ் மட்டும் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. அத்தனை நெல்லும் சில கிழமைகளுக்குள் ஒன்றாக இறங்கினால் விலையைச் சொல்பவர் வாங்குபவராகவே இருப்பார். சந்தையைச் சீர்திருத்துவதென்றால், விற்பவருக்கும் காத்திருக்கும் வலிமையைக் கொடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

நெல் சந்தைப்படுத்தல் சபையின் உத்தரவாத விலை 14 வீத ஈரப்பதனுக்கு மேற்படாத நெல்லுக்கே உரியது. களஞ்சியத்தில் நெல் பழுதடையாதிருக்க அந்த விதி அவசியம். அதைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் இயந்திரத்தில் வெட்டிய நெல் 20 வீதத்திலும் அதற்கு மேலும் வந்திறங்குகிறது. அதை உலர்த்த எம்மிடம் உள்ள இடம் பெரும்பாலும் வீதியோரமும் ஒரு படங்கும்தான். மழை இருட்டினால் வாரிக் கட்டியதை வந்த விலைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான். வயலுக்கு வரும் வியாபாரி நான்கு நெல்மணிகளைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்கிறார். கணக்கு என்ன சொல்கிறது? 20 வீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்கு உலர்ந்தால் ஏறத்தாழ 93 கிலோவாகும். நீருக்கான நியாயமான கழிவு நூற்றுக்கு ஏழு கிலோ. உலர்ந்த நெல் கிலோ 120 ரூபா என்றால் ஈர நெல்லுக்கு ஏறத்தாழ 111.60 ரூபா. அதிலிருந்து உலர்த்தும் கூலியை மட்டும் கழிக்கலாம். ஈரப்பதன்மானி இல்லாத இடத்தில் இந்தக் கணக்கைக் கமக்காரர் எவரிடமும் எடுத்துச் சொல்ல முடியாது.

விலையை அறிவித்தால் போதும் என்ற நம்பிக்கை 1948ஆம் ஆண்டின் உத்தரவாத விலைத் திட்டத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என அறிவிக்கப்பட்டபோது பல இடங்களில் அறுவடை தொடங்கிவிட்டது. அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நெல் கொள்வனவுக்கென ஒதுக்கப்பட்டது 500 கோடி ரூபா. கிலோ 120 ரூபாப்படி அந்தப் பணத்தில் ஏறத்தாழ 41,700 மெற்றிக்தொன் நெல் வாங்கலாம். நாட்டின் ஆண்டு விளைச்சலோ நாற்பது இலட்சம் தொன்னுக்கும் மேல். நூற்றில் ஒரு பங்கை வாங்குபவரால் மீதி தொண்ணூற்றொன்பது பங்கின் விலையைத் தாங்கிப் பிடிக்க இயலாது. அரசாங்கமே முழுவதையும் வாங்கட்டும் என்போர் எம்மிடையேயும் உள்ளனர். அதற்கு வேண்டிய பணமும் களஞ்சியமும் எங்கே என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து எமக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நெல்லைத் தேக்கி வைத்தால் அரிசி விலை ஏறி, வாங்கி உண்போர் பாதிக்கப்படுவர் என்பது வலுவான ஆட்சேபம். கூலிக்குப் போகும் குடும்பங்கள் எமது ஊர்களிலும் அரிசியை வாங்கித்தான் உண்கின்றன. எனினும் 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230 ரூபா உச்ச விலை விதிக்கப்பட்டிருந்தும் அது கடைகளில் அரிதாகவே இருந்தது. அதே மாதத்தில் கிலோவுக்கு 65 ரூபா வரியுடன் தனியார் இறக்குமதி அனுமதிக்கப்பட்டு, ஜனவரி 10க்குள் ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் வந்திறங்கியது. எமது காலபோக அறுவடையும் அதையொட்டியே வந்தது. நெல் ஒரு சில பெரிய ஆலைகளில் குவிந்திருப்பதைவிட ஊர்க் களஞ்சியங்களில் பரவலாக இருந்து மாதந்தோறும் வெளிவந்தால் விலை இவ்வளவு ஏறி இறங்காது. உண்போருக்கும் அதுவே நன்மை.

ஆகவே, கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றின் எல்லைக்குள்ளும் உலர்தளமும் ஈரப்பதன்மானியும் அமைய வேண்டும். தளத்தைப் பராமரிக்க மூடைக்கொரு சிறு கட்டணம் செலுத்த எமது அமைப்புகள் ஆயத்தமாக உள்ளன. பயன்பாடின்றிக் கிடக்கும் அரச, கூட்டுறவுக் களஞ்சியங்களைப் பகிரங்கக் கேள்வி மூலம் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ தனியாருக்கோ குத்தகைக்கு விடுங்கள். அங்கு நெல்லை வைப்பவருக்குத் தரமும் நிறையும் குறித்த பற்றுச்சீட்டு வழங்கப்பட்டு, வங்கிகள் அதன்மீது கடன் கொடுக்க வேண்டும். இந்தியா இதற்கென 2007இல் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. அந்தச் சீட்டு கையில் இருந்தால் நகையை மீட்பதற்காக நெல்லை விற்க வேண்டியதில்லை. வயலில் நிறுக்கும் தராசுகளை அளவீட்டு அலகுகள் திணைக்களம் முத்திரையிட வேண்டும். ஈரப்பதன் அட்டவணைக்கு அப்பாற்பட்ட எந்தக் கழிவும் தடை செய்யப்பட வேண்டும். உத்தரவாத விலையையும் இறக்குமதிக் கொள்கையையும் விதைப்புக்கு முன்னரே அறிவிக்குமாறு மத்திய அரசாங்கத்துக்கு எமது சார்பில் பரிந்துரையுங்கள். நெல் சந்தைப்படுத்தல் சபை, விலை அந்த உத்தரவாத விலைக்குக் கீழ் போகும்போது தாமதமின்றி இறங்கி வாங்கும் இறுதிக் காவலாக இருக்கட்டும்.

காலபோக விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில் தொடங்கிவிடும். விதைப்புக்கு முந்திய மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் இம்மனுவை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, தீர்மானத்தை எழுத்தில் அறியத் தருமாறு வேண்டிக்கொள்கிறோம். உலர்தளங்களுக்கான காணிகளை அடையாளம் காட்ட எமது அமைப்புகள் எந்நேரமும் வரத் தயார்.

இங்ஙனம்,
கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள்