தூக்கு வெறுமனே திரும்புவதில்லை

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கில் குழம்போ பாயசமோ வந்தால், அந்தத் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? இந்தத் தடவை அந்தத் தூக்கை வைத்தே ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். கைக்குழந்தை உள்ள வீட்டார் அவசியம் படியுங்கள்.

என் கடைசித் தங்கை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அம்மா இல்லாத குறை அவளுக்குத் தெரியக் கூடாதே! ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் மாமியார் குளித்து, விளக்கேற்றி, தேன் புட்டியும் கையுமாக வந்துவிட்டார்.

"நாக்குல ஒரு சொட்டு சேனை தொட்டு வச்சிடறேன். நல்ல குரல் வரும்."

என் பெரியவள் காலேஜில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறாள். ஓடி வந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் பாட்டி! ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் கூடாது."

மாமியாரின் முகம் சுண்டிவிட்டது. "உங்கப்பனுக்கும் நான்தான் தொட்டு வச்சேன். அவனுக்கு என்ன கெட்டுப் போச்சு?"

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்தான். "காரணத்தைச் சொல்லுடி. சும்மா கூடாதுன்னா பெரியவங்க எப்படிக் கேப்பாங்க?" என்றேன். அவள் சமையலறையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து வந்து விளக்கினாள். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

நாம் கையை அசைக்க வேண்டுமென்றால் நரம்பு சதைக்குச் சேதி சொல்ல வேண்டும். ஆனால் நரம்பும் சதையும் ஒட்டிக்கொண்டு இல்லை. நடுவில் மெல்லிய இடைவெளி. அதனால் நரம்பின் நுனியில் குட்டிக் குட்டிப் பைகள் அடுக்கி இருக்கின்றன. அவைதான் நம் தூக்குகள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 25,000 பைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு பொடிசு! உள்ளே அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். உத்தரவு வந்ததும் பை நரம்பின் சுவரோடு ஒட்டித் திறந்து, சரக்கை வெளியே கொட்டும். சதை சுருங்கும்.

காலியான பை என்னாகும்? அதன் தோல் சுவரோடு கலந்துவிடும். நரம்பு அதை வீணாக விடாது. சுவரை உள்பக்கமாகக் குழித்து, கிள்ளி எடுத்து, மறுபடி பையாக்கி, சரக்கை நிரப்பி வைத்துக்கொள்ளும். 1973-ல் ஹியூசர், ரீஸ் என்ற இருவர் தவளையின் நரம்பில் இதைப் பார்த்தார்கள். நரம்பைத் தூண்டத் தூண்டப் பைகள் குறைந்தன, சுவர் பெரிதாயிற்று. ஓய்வு கொடுத்ததும் பைகள் திரும்பி வந்தன.

"புதுசாவே செஞ்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கால் விரலுக்குப் போற நரம்போட தலைமை வீடு இடுப்புப் பக்கம் இருக்கும்மா. அங்கிருந்து சாமான் வரணும்னா, வேகமா வந்தாலே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான். அதுவரைக்கும் கால் சும்மா இருக்குமா?"

பழத்தில் மொய்க்கும் ஈயில் ஒரு வகை உண்டாம். ஷிபிரே என்று பெயர். ஜப்பானிய மொழியில் மரத்துப் போவது என்று அர்த்தம். 29, 30 டிகிரி சூட்டில் அதற்குப் பைகளைக் கிள்ளி எடுக்கும் வேலை நின்றுவிடும். தூக்குகள் தீர்ந்து ஈ அப்படியே விழுந்து கிடக்கும். குளிரவைத்தால் எழுந்து பறக்கும்!

இனிதான் தேன் விஷயம். சில தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாது, ருசியும் மாறாது. பெரியவர்கள் வயிற்றில் உள்ள நல்ல கிருமிகள் அதை வளர விடா. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் வரவில்லை. வித்து அங்கே முளைத்து விஷம் கக்கும். விஷம் ரத்தத்தில் கலந்து நரம்பு நுனிக்கு வந்து காத்திருக்கும். பை திறந்து சரக்கைக் கொட்டும்போது அதன் உள்பக்கம் வெளியே தெரியும் அல்லவா? அதைப் பிடித்துக்கொள்ளும். காலிப் பை உள்ளே திரும்பும்போது விஷமும் கூடவே போய்விடும்.

தூக்கு வெறுமனே திரும்பவில்லை, பார்த்தீர்களா? திருடனைச் சுமந்துகொண்டு திரும்புகிறது!

சரக்கை நிரப்புவதற்காகப் பையின் உள்ளே புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பிலேயே விஷம் பையைத் துளைத்து வெளியேறி, பைகளைச் சுவரோடு சேர்க்கும் கொக்கியை வெட்டிவிடும். அதன்பின் பைகள் நிறைந்திருந்தாலும் திறக்கா. சதைக்குச் சேதி போகாது.

குழந்தைகளுக்கு இப்படி வருவதை 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அபூர்வமான நோய்தான். என் வீட்டுக்காரர் உட்பட எத்தனையோ பேர் தேன் நக்கியே வளர்ந்தார்கள். ஆனால் வந்துவிட்டால் மூச்சுவிடும் சதையே சோர்ந்துவிடலாம். நரம்பு நுனி தேறப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கூட ஆகும்.

"காய்ச்சிக் கொடுத்தா?" என்று மாமியார் கடைசியாகக் கேட்டார். அடுப்பில் கொதிக்கவைத்தாலும் வித்து சாகாது என்றாள் மகள்.

சகோதரிகளே, ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம். நாக்கில் தொட்டு வைக்கவும் வேண்டாம், மருந்தைக் குழைக்கவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். மலச்சிக்கல், ஈனமான அழுகை, பால் இழுக்கச் சக்தியின்மை, இமை சொருகல், கழுத்தும் கை காலும் துவளுதல் இவற்றைக் கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். முன்பு தேன் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாமியார் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வெந்நீரில் தேன் கலந்து என் தங்கையிடம் நீட்டினார். "நீ குடிக்கலாமாம். பேத்தியைக் கேட்டுட்டேன்." மிச்சத் தேன் புட்டி இப்போது அவர் அலமாரியில் இருக்கிறது. ஆண்டு நிறைவு ஆனதும் அவர் கையால்தான் குழந்தைக்குத் தர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.