பாட்டு டீச்சர் என்கிற தனி ஆள்

ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பாட்டு டீச்சர்? பெரும்பாலும் ஒரே ஒருவர். சந்தேகம் வந்தால் கேட்கவும் சலித்துக்கொள்ளவும் ஸ்டாஃப் ரூமில் அவருக்குத் துணை கிடையாது.

கிறிஸ்தவப் பள்ளி என்றால் வேலை இன்னும் அதிகம். அசெம்பிளி, கிறிஸ்துமஸ் கேரல், ஆண்டு விழா... எல்லாம் இவர் தலையில். ஆனால் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டு பீரியடுதான் (கூடவே பி.டி. பீரியடும்!). அதை எதிர்த்துப் பேச ஒற்றை ஆளால் முடியுமா?

வேடிக்கை என்னவென்றால், இவர் கஷ்டம் புரிந்த ஆள் ரொம்ப தூரத்தில் இல்லை. பாளையங்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. பள்ளிகள், கத்தோலிக்கப் பள்ளிகள் என்று ஒரே ஊரில் எத்தனை! ஆனால் இப்படிப்பட்ட ஊர்களிலும் பாட்டு டீச்சர்கள் சந்தித்துக்கொள்வது பாட்டுப் போட்டியில்தான். அன்றைக்கோ ஆளுக்கொரு அணி. பேச்சு எங்கே வரும்?

பேச விஷயமா இல்லை? ஒருவர் கர்நாடக சங்கீதம் படித்து வந்தவர். நாலு குரல் பிரித்துப் பாடும் கேரல் என்றால் அவருக்குத் தலைவலி. இன்னொருவர் சர்ச் கொயரில் வளர்ந்தவர். தமிழ்க் கீர்த்தனையின் ராகம் பிடிபடாது. டானிக் சோல்ஃபாவின் 'டோ'வும் கர்நாடக சங்கீதத்தின் 'ச'வும் ஒரே குணம்தான், எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒரு மத்தியானம் உட்கார்ந்தாலே பாதி பயம் போய்விடும்.

இது புது யோசனையும் அல்ல. ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து சித்த மருத்துவரானவர். 1912-ல் தஞ்சாவூரில் ஒரு சங்கீத சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் வித்வான்களை வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். சுருதி 22-ஆ 24-ஆ என்று வாதம். அவர் 24 என்றார், பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆராய்ச்சி 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலாக வந்தது. அத்தனை கருத்து வேறுபாட்டோடும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்களே, அதுதான் விஷயம்.

இன்றைக்கு வாட்ஸ்அப் குழு தொடங்குவது சுலபம். ஆனால் ஆல்ட்டோ எங்கே பிசகுகிறது என்பதை நேரில் கேட்டால்தான் பிடிக்க முடியும். பருவத்துக்கு ஒரு சனிக்கிழமையை நிர்வாகம் ஆன் டியூட்டியாகக் கொடுக்கட்டும். "நம்ம பாட்டை அடுத்த ஸ்கூல் சுட்டுடும்" என்று பயப்படும் தலைமையாசிரியர்களுக்கு ஒன்று சொல்லலாம்: டிசம்பரில் எல்லாப் பள்ளியும் பாடப்போவது அதே ஐந்தாறு கேரல்தான் சார் :-)