கரடிக்கு எந்தத் தோட்டா?

எங்க சாமளாபுரத்துல தறிச் சத்தத்தை மீறி ஒரு சண்டை நடக்குதுங்க. கென்னத் ஆண்டர்சனைப் படிச்ச கோஷ்டி, "கரடின்னா அவர் வச்சிருந்த .405 வின்செஸ்டர்தான்"ங்குது. எதிர்க்கோஷ்டி, அமெரிக்காக்காரன் கருங்கரடிக்கு எடுக்குற .30-06 போதும்ங்குது.

நான் கேக்குறேன், எதைச் சுடப் போறீங்க சாமி?

மைசூர்ப் பக்கம் ஆளைக் கொன்ன கரடியை ஆண்டர்சன் சுட்ட கதை புத்தகமா வந்தது 1957ல. 1972லயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. இன்னிக்கு நம்ம தேன்கரடி புலியோட சேர்ந்து முதல் அட்டவணையில இருக்கு. மனுஷ உயிருக்கு ஆபத்து, பிடிக்கவோ மயக்கவோ வழியில்லைன்னா, தலைமை வனவுயிர்க் காப்பாளர் எழுத்துல உத்தரவு போட்டுத்தான் கொல்லலாம். உயிர் தப்பத் தற்காப்புக்குச் செய்யறது வேற. வீரம் காட்டப் போனா ஜெயில்தான்.

உங்க துப்பாக்கி ஞானமாவது முழுசா இருக்கா? தோட்டா தடிமனா இருந்தா ஆச்சா? முடி, கொழுப்பு, எலும்பு தாண்டி நெஞ்சுக்கூட்டுக்குள்ள போகணும். இடம் தப்பினா .405ம் காயம்பட்ட கரடியைத்தான் மிச்சம் வைக்கும். அது மறுநாள் பாயறது உங்க மேல இல்லீங்க, விறகு பொறுக்கப் போற பொம்பளை மேல.

கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு வேண்டியது தெருவிளக்கும், மூடி போட்ட குப்பைத்தொட்டியும், கூப்பிட்டா வர்ற வனத்துறை ஜீப்பும். அதுக்குக் குரல் குடுங்க. தோட்டா நம்பர் யாரும் கேக்கல.